கறுப்பு பிளக்

போர்ட் சையீத்
9 பிப்ரவரி 2017

அன்புள்ள ஈனாஸுக்கு,

பெரியப்பாவின் ஸலாம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா? அஸ்வானில் இந்த மாதம் வெயில் இதமாக இருக்கும். இங்கே கடல்காற்று எலும்பு வரைக்கும் போகிறது. உன் பெரியம்மா கரீமாவுக்கு முழங்கால் வலி. எனக்குக் காது முழுதாகப் போய்விட்டது, தொலைபேசி எடுத்துப் பயனில்லை. அதனால்தான் உன்னை எழுதச் சொன்னேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஹம்தி நினைவுக்கு வந்தான். பள்ளியில் நான் கணிப்பொறிக் குழு நடத்திய காலத்தில் என்னிடம் படித்தவன். ஒருநாள் டேப் ரெக்கார்டர் கேபிள் அறுந்துவிட்டது. எங்கிருந்தோ வேறொன்றைக் கொண்டுவந்து கணிப்பொறியின் முதுகில் செருகிவிட்டு, "உஸ்தாத், பொருந்திடுச்சு. பொருந்தினா அதுதானே சரியான கேபிள்?" என்று கேட்டான். "உன் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுப் பூட்டுலயும் நுழையும்டா. திறக்குதான்னு பாரு" என்றேன். வகுப்பு சிரித்தது.

நீ கேட்பதும் ஏறக்குறைய அதுதான். குவைத்திலிருந்து உன் அப்பா நாதிர் எனக்கு வாங்கி அனுப்பிய அதே வகைக் கணிப்பொறி உனக்குக் கெய்ரோ வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்திருக்கிறது, கேபிள் மட்டும் இல்லை என்கிறாய். நாதிர் கடைசியாக அனுப்பிய கேசட்டை அதில் படிக்க வேண்டும் என்கிறாய்.

சொல்கிறேன். இந்தக் கணிப்பொறி எழுத்தையெல்லாம் கீச்சொலியாக்கிச் சாதாரணப் பாட்டுக் கேசட்டில்தான் பதியும். கேபிளின் ஒரு முனை வட்டமாக, எட்டு முள்ளுடன் இருக்கும். அது கணிப்பொறிக்கு. மறுமுனையில் டேப் ரெக்கார்டருக்கு மூன்று பிளக். வெள்ளை பிளக் கேசட்டிலிருப்பதைக் கணிப்பொறிக்குக் கொண்டுவரும். சிவப்பு, கணிப்பொறியில் இருப்பதைக் கேசட்டில் பதியும். கறுப்பு எந்த ஒலியையும் கொண்டுபோகாது. டேப் ரெக்கார்டரின் மோட்டாரை ஓட்டுவதும் நிறுத்துவதும்தான் அதன் வேலை. போர்ட் ஃபுஆத் படகு கரையைத் தொட்டதும் ஒருவன் கயிற்றைக் கட்டுவானே, அவனைப் போல.

இன்னொரு யோசனை. நீ ஏன் சிரமப்படுகிறாய்? கேசட்டை எனக்கு அனுப்பிவிடு. நான் பார்த்துச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பெரியப்பா
லுத்ஃபி


அஸ்வான்
26 பிப்ரவரி 2017

அன்புள்ள பெரியப்பா,

ஸலாம். பெரியம்மாவின் முழங்காலுக்கு ஒரு களிம்பு இத்துடன் வைத்திருக்கிறேன், எங்கள் மருந்துக்கடையில் எல்லோரும் கேட்டு வாங்குவது. உங்கள் காதுக்கு எங்களிடம் ஒன்றுமில்லை. நாங்கள் நலம்.

கேசட்டை அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு தபால் பை தண்ணீரில் விழுந்தால் போதும். நவம்பரில் அம்மாவை அடக்கம் செய்த பிறகு அவள் தையல் பெட்டியைத் திறந்தேன். கேசட்டை என் பழைய காலுறைக்குள் போட்டு வைத்திருந்தாள். கூடவே ஒரு கடிதம். குவைத் ஆலையில் அப்பாவுடன் வேலை பார்த்த பர்ஸும் என்பவர் 1992இல் எழுதியது. "கேசட்டின் பின்பக்கத்தில் நாதிர் உங்களுக்கு எழுதியதைப் படித்திருப்பீர்கள். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை" என்று இருந்தது.

1990இல் போர் வந்ததும் குவைத்திலிருந்து அண்டை வீட்டார் காரில் அம்மாவும் நானும் கிளம்பியபோது எனக்கு ஆறு வயது. ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஆலை அது, ஆள் வேண்டும், பின்னாலேயே வருகிறேன் என்று அப்பா நின்றுவிட்டார். அக்டோபரில் யாரோ கையில் இந்தக் கேசட் வந்தது. அப்புறம் அவரிடமிருந்து ஒன்றுமில்லை. உடல்கூட இல்லை.

அந்தப் பின்பக்கத்தை அம்மா படிக்கவே இல்லை பெரியப்பா. ஒவ்வொரு பெருநாளும் என்னிடம் கேட்பாள். "பெரியப்பாகிட்ட பேசினியே, கேபிள் கிடைச்சுதான்னு கேட்டியா?" நான் மறந்திருப்பேன். "சரி விடு, கிடைச்சா அவரே சொல்லுவாரு" என்பாள். அவளுக்காகவாவது இதை நான் படிக்க வேண்டும்.

இங்கே ரேடியோ பழுதுபார்க்கும் பஷீர் கிழவரிடம் கணிப்பொறியைத் தூக்கிக்கொண்டு போனேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுக்கும் உனக்கும் ஒரே வயசு போலிருக்கு. உனக்கு மாப்பிள்ளை கிடைச்சிட்டான், இதுக்கு ஒரு கேபிள் கிடைக்க மாட்டேங்குது" என்றார். எட்டு முள் பிளக் அவரிடம் இல்லை. வேறு எதை வைத்துச் சமாளிக்கலாம் என்று எழுதுங்கள்.

ஈனாஸ்


போர்ட் சையீத்
30 மார்ச் 2017

அன்புள்ள ஈனாஸுக்கு,

ஸலாம். பதில் தாமதமாகிவிட்டது. கண் கொஞ்சம் சரியில்லை. களிம்பு வந்தது. கரீமா தடவிக்கொண்டு மாடிப்படி ஏறிக் காட்டினாள்.

எட்டு முள்ளைத் தேடி அலையாதே. எட்டுத் துளைக்குள் ஐந்து முள் பிளக்கும் போகும். பழைய இசைத்தட்டுப் பெட்டியின் கேபிள் ஒன்றில் நானே பற்றவைத்துச் செய்தது என் மேசைக்குள் கிடந்தது. இத்துடன் அனுப்புகிறேன். வெள்ளை பிளக் வேலை செய்யும். மோட்டாரை நிறுத்தும் கம்பி மற்ற மூன்று முள்ளில் இருப்பதால், இந்தக் கேபிளில் கறுப்பு பிளக் கிடையாது. கேசட் தன்பாட்டுக்கு ஓடும். நீதான் கையால் நிறுத்த வேண்டும்.

அதனால் என்ன என்று கேட்பாய். வகுப்பில் வாத்தியார் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, பையன் எழுதி முடிக்கும் வரை காத்திருப்பார். நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனால் பையன் நடுநடுவே தவறவிடுவான். நீளமான எழுத்தைப் படிக்கும்போது கணிப்பொறியும் அந்தப் பையன் மாதிரிதான். முன்பக்கத்தில் உனக்காக நாதிர் செய்த விளையாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஒரே மூச்சில் ஏறிவிடும். முதலில் அதைப் போட்டுப் பார்.

சிவப்பு பிளக்கை வெட்டி எடுத்துவிட்டேன். படிப்பதற்கு அது தேவையில்லை. பஷீரிடம் சொல்லி அதைத் திரும்ப ஒட்டவைக்காதே. எந்தக் காரணத்துக்காகவும் ஒட்டவைக்காதே.

இன்னொன்று. இருபத்தேழு வருட நாடா. காந்தம் உதிர்ந்திருக்கலாம். பெரிதாக எதையும் எதிர்பார்க்காதே அம்மா.

லுத்ஃபி


அஸ்வான்
17 ஏப்ரல் 2017

அன்புள்ள பெரியப்பா,

ஸலாம். முன்பக்கம் வந்துவிட்டது.

பஷீர் கேபிளைக் கையில் வாங்கியதும், "சிவப்பை ஏன் வெட்டியிருக்காரு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "ஜாக்கிரதையான மனுஷன்" என்று சொல்லிவிட்டுச் செருகினார். ஐந்து நிமிடம் கீச்சென்று கத்தியது. பக்கத்துக் கடைக்காரர் வந்து, "யாரைக் கொல்றீங்க?" என்று எட்டிப் பார்த்தார்.

பிறகு திரை நீலமாகி, அப்பாவின் கேள்வி வந்தது. "ஈனாஸ், எத்தனை பல் விழுந்தது?" நான் அதை மறந்தே போயிருந்தேன். உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டியது இப்போது நினைவு வந்தது. இரண்டு என்று அழுத்தினேன், இரண்டு பாய்மரப் படகு வந்தது. பஷீர் தன் வாயைத் திறந்து விரலால் எண்ணிவிட்டு, "பதினெட்டு போடு" என்றார். பதினெட்டுப் படகு திரையில் கொள்ளவில்லை, கணிப்பொறி அப்படியே நின்றுவிட்டது. "அப்பா குழந்தைக்குத்தான் செஞ்சிருக்காரு, கிழவனுக்கு இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். வருத்தத்தினால் மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை பின்பக்கம்.

ஈனாஸ்


அஸ்வான்
23 ஏப்ரல் 2017

பெரியப்பா,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. நலம் விசாரிப்பதெல்லாம் அடுத்த கடிதத்தில்.

பின்பக்கம் பேசியது. ஒரே ஒரு வரி. நாடாவின் தொடக்கத்திலேயே, ஒரு எழுத்துகூடச் சிதையாமல்:

எல்லோரும் வந்துவிட்டீர்களா?

அவ்வளவுதான். அதன் பிறகு கணிப்பொறி பேசாமல் இருந்தது. பஷீர் தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் திரையைத் தொட்டுக்கொண்டே நின்றேன். அம்மாவும் நானும் அந்தப் பாலைவனம் முழுவதும் தாண்டி, கப்பல் ஏறி, ஊர் வந்து சேர்ந்தோமா என்று அங்கிருந்து கேட்கிறார். வேறு எப்படித் தொடங்குவார்? இருபத்தேழு வருடம் இந்தக் கேள்வி அம்மாவின் தையல் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. வந்துட்டோம் அப்பா, என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

மிச்சம் ஏன் வரவில்லை என்று எனக்குப் புரிகிறது. நீங்கள் சொன்ன அந்த வாத்தியாரும் பையனும். முதல் வாக்கியத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே கேசட் ஓடிவிட்டது. கறுப்பு பிளக் இருந்தால் எல்லாம் வந்துவிடும், இல்லையா? எட்டு முள் பிளக்குக்குக் கெய்ரோவில் ஓர் ஆளிடம் சொல்லியிருக்கிறோம். எந்த முள்ளில் எந்தக் கம்பி என்று உடனே எழுதுங்கள்.

ஈனாஸ்


போர்ட் சையீத்
4 ஜூன் 2017

அன்புள்ள ஈனாஸுக்கு,

ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறதா? அஸ்வான் வெயிலில் தண்ணீர் இல்லாமல் இருப்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

ஆறாவது முள்ளும் ஏழாவது முள்ளும் மோட்டாருக்கு. ஐந்தாவது வெள்ளை பிளக்குக்கு. இரண்டாவதில் நிலக்கம்பி. நான்காவதை வெறுமனே விட்டுவிடு.

அந்த ஒரு வரிதான் அதில் இருக்கிறதோ என்னவோ. சரியான கேபிள் வந்தும் வேறொன்றும் வராவிட்டால் மனம் உடைந்துவிடாதே. இன்னும் எழுத நினைத்தேன். கை வரவில்லை.

லுத்ஃபி

ஈனாஸ், நான் பெரியம்மா. உன் கடிதம் வந்த நாளிலிருந்து இவர் நோன்பு திறந்தும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் காது கேட்காத மாதிரி இருக்கிறார். மருந்துப் பையில் எழுதிக் காட்டினால் கண் தெரியாத மாதிரி இருக்கிறார். வயிற்றுக்கு ஏதாவது மருந்து அனுப்பு.


அஸ்வான்
2 ஜூலை 2017

அன்புள்ள பெரியப்பா, பெரியம்மா,

பெருநாள் வாழ்த்துகள். பெரியம்மா, பெருநாள் பிஸ்கட்டில் உங்கள் கைப்பக்குவம் எனக்கு வராது, நான் செய்தது கல்லாகிவிட்டது. பெரியப்பாவுக்கு வயிற்று மருந்து இத்துடன்.

எட்டு முள் பிளக் வந்தது. நீங்கள் எழுதியபடியே பஷீர் பற்றவைத்தார். கறுப்பு பிளக் சொன்னதைக் கேட்கிறது. அதே வரி வந்தது, மோட்டார் தானாக நின்றது. பிறகு பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தோம். வேறெதுவும் இல்லை. பஷீர் சொல்கிறார், "மிச்சத்தை எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போயிருக்கும்மா. போர்க்காலத்துல கரண்ட் ஏது?" அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு நாள் எழுதியது எங்கேயோ போய்விட்டது. ஆனால் அந்த ஒரு வரி எனக்குப் போதும்.

இப்போது ஒரு காரியத்துக்கு உங்கள் சம்மதம் வேண்டும். அம்மாவின் கல்லறைக்குப் பளிங்குக் கல் வைக்கிறோம், ஆண்டு நினைவுக்கு முன் முடிக்க வேண்டும். அப்பாவுக்கு எங்கேயும் கல் இல்லை. அதனால் அம்மாவின் பெயருக்குக் கீழே அப்பாவின் பெயரையும், அதன் கீழே அவருடைய அந்த வரியையும் செதுக்கச் சொல்லப் போகிறேன். கல்லைப் பார்க்கிறவர்களுக்குப் புரியாது. பரவாயில்லை. அம்மாவுக்குப் புரியும். அவளுக்கு வந்து சேராமல் போன கேள்வி அவள் தலைமாட்டில் இருக்கட்டும்.

அப்பாவுக்கு மூத்தவர் நீங்கள் ஒருவர்தான். ஆகஸ்ட் முதல் வாரம் செதுக்குகிறவர் வேலை தொடங்குகிறார். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

ஈனாஸ்


போர்ட் சையீத்
24 ஜூலை 2017

ஈனாஸ்,

செதுக்குகிறவரை நிறுத்து. முதலில் அதைச் செய்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

அந்த வரி உன் அப்பா எழுதியது இல்லை. நான் எழுதியது.

1991 ஜூனில் நடந்தது. நாதிரிடமிருந்து செய்தி நின்று பல மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்குக் கொடுத்த என் கேபிள் கறுப்பு பிளக் முறிந்து திரும்பி வந்தது. அதற்குப் பதிலாகத்தான் நான் அந்த ஐந்து முள் கேபிளைச் செய்தேன். புதுக் கேபிள் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஒரு வரியைப் பதிந்து, பிறகு அதையே படித்துப் பார்க்க வேண்டும். வேண்டிய கேசட்டில் ஒருபோதும் சோதிக்காதே என்று ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பேன். அன்று வீட்டில் காலிக் கேசட் இல்லை. உனக்கு அந்த விளையாட்டைப் போட்டுக் காட்ட உன் அம்மா என்னிடம் விட்டுப்போன நாதிரின் கேசட்தான் கையில் இருந்தது. நாதிர் எனக்கு ஐந்து வருடமாகக் கேசட்டில் கடிதம் அனுப்பியவன். ஒருமுறைகூடப் பின்பக்கத்தில் பதிந்ததில்லை. மலிவு நாடா, ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கத்தில் கேட்கும் என்பான். பின்பக்கம் காலி என்று நான் நிச்சயமாக இருந்தேன். கேட்டுப் பார்க்கக்கூட இல்லை.

நாடாவை முழுக்கச் சுற்றி, திருப்பிப் போட்டேன். சிவப்பைச் செருகினேன். வகுப்புக்குள் நுழைந்ததும் தினமும் நான் கேட்பதையே தட்டினேன். எல்லோரும் வந்துவிட்டீர்களா? இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பதிந்தேன். சில நொடி வேலை. கறுப்பு பிளக் இருந்த காலத்தில் பதிந்து முடித்ததும் கணிப்பொறியே மோட்டாரை நிறுத்திவிடும். நிறுத்தும் பொத்தானுக்குப் போக என் கை பழகவே இல்லை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் எரிவாயுக்காரன் சிலிண்டரைத் தட்டினான். கரீமா கத்தினாள், "ஓடுங்க, போன தடவையும் விட்டுட்டீங்க." ஓடினேன். கீழே வரிசை. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தபோது டேப் ரெக்கார்டரின் பொத்தான் தானாக மேலே எழும்பி நின்றது. அரை மணி நேரப் பக்கம் முழுவதும் ஓடி முடிந்திருந்தது. ஓடிய நேரமெல்லாம் அது வெறுமையைப் பதிந்துகொண்டிருந்திருக்கிறது. நான் கவலைப்படவில்லை. தொடக்கத்துக்குச் சுற்றி என் வரியைப் படித்தேன். வந்தது. கேபிள் நன்றாக அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன் ஈனாஸ். அன்று மாலை மீன் வாங்கி வந்தேன்.

மறுவருடம் உன் அம்மா ஸுஹைர், பர்ஸுமின் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து கேசட்டை என் கையில் வைத்தாள். "மச்சான், பின்பக்கத்தை ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்" என்றாள். நான் கடிதத்தைப் படித்தேன். இரண்டு நாள் என்ற சொல்லை இரண்டு தடவை படித்தேன். பிறகு சொன்னேன், "கேபிள் போயிடுச்சு ஸுஹைர். கிடைச்சதும் பாக்கலாம்." வேறு ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அது. அவள் சரி மச்சான் என்று கேசட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

உனக்கு அனுப்பினேனே, அது அதே கேபிள்தான். சிவப்பை வெட்டியது அதனால்தான். நீ கேபிள் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றால், இத்தனை வருடத்தில் நாடா கெட்டுப்போயிருக்கும், எதுவுமே வராது, கேசட் பழசு என்று முடிந்துவிடும் என்று நம்பியிருந்தேன். என் வரி மட்டும் ஓர் எழுத்துச் சிதையாமல் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கவில்லை.

நேற்றுதான் கரீமாவிடம் சொன்னேன். ரொட்டி சுற்றி வந்த காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: "முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவருக்கு ஒரு வாக்கியம் சொல்ல வரலையா? கல்லுல ஏறிட்டா என்ன பண்ணுவீங்க?" பிறகு எழுந்துபோய்ப் படுத்துவிட்டாள்.

உன் அப்பா எழுதியதில் ஒரு சொல்கூட மிச்சமில்லை. நான் அழித்தேன்.

லுத்ஃபி


போர்ட் சையீத்
15 செப்டம்பர் 2017

ஈனாஸ்,

பதில் எழுத வேண்டாம். என் கடிதம் வேலை தொடங்குவதற்கு முன் வந்து சேர்ந்ததா என்று மட்டும் கரீமாவுக்கு யாரிடமாவது சொல்லி அனுப்பு. தபால்காரர் ஏறி வருவது எனக்குக் கேட்காது என்பதால் இப்போதெல்லாம் கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

லுத்ஃபி


அஸ்வான்
29 அக்டோபர் 2017

பெரியப்பாவுக்கு,

ஸலாம். பெரியம்மா நலமா?

உங்கள் கடிதம் வந்தபோது செதுக்குகிறவர் வேலையைத் தொடங்கிவிட்டார். நாள் முன்கூட்டியே கிடைத்ததாம். அம்மா பெயர், அப்பா பெயர், அதன் கீழே ‘எல்லோரும்’ வரைக்கும் வந்திருந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "செதுக்கினதை அழிக்க முடியாதும்மா. கல்லைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்துல வேணா புதுசா எழுதித் தர்றேன்" என்றார். திருப்பிவிட்டோம். அந்த ஒரு சொல் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. முன்னால் இரண்டு பெயர்கள் மட்டும்.

பின்பக்கத்தைப் பஷீருடன் உட்கார்ந்து முழு அரை மணியும் காதால் கேட்டேன். உங்கள் வரியின் கீச்சொலி. பிறகு நாடா ஓடுகிற இரைச்சல். எங்கேயாவது ஒரு துண்டு தப்பியிருக்கும் என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை பஷீர் ஒலியைக் குறைத்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கு" என்றார்.

பர்ஸுமின் மகளைத் தேடிப்பிடித்து எழுதினேன். அவர் 2009இல் இறந்துவிட்டாராம். அப்பா என்ன எழுதினார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் உங்களை மன்னிக்க முயன்று ஒவ்வொரு முறையும் இங்கே வந்துதான் நிற்கிறேன். அழித்தது தவறுதலாக. ஆனால் அன்று கூடத்தில் நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா பர்ஸுமிடம் கேட்டிருப்பாள். அவர் உயிரோடு இருந்தார், அப்பாவின் பக்கத்தில் அந்த இரண்டு நாளும் இருந்தவர். பாதியாவது சொல்லியிருப்பார். கேபிள் கிடைக்கும் என்று நீங்கள் சொன்னதால் அவள் யாரையும் கேட்காமல் காத்திருந்தாள்.

மன்னித்தேன் என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். அதற்காகப் படியில் உட்கார்ந்திருக்க வேண்டாம். குளிர் தொடங்குகிறது.

மூன்று மாதம் எனக்கு அப்பாவின் வரி ஒன்று இருந்தது. இப்போது இருப்பது முன்பக்கம் மட்டும். எத்தனை பல் விழுந்தது என்று அது இன்னும் கேட்கிறது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வேறு ஆள் இல்லாததால்தான் உங்களைக் கேட்கிறேன்.

ஈனாஸ்


போர்ட் சையீத்
12 நவம்பர் 2017

ஈனாஸுக்கு,

ஸலாம். கரீமாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது. நான் படியில் உட்காருவதை விட்டுவிட்டேன்.

நீ எழுதியது எல்லாம் சரி. பர்ஸுமைப் பற்றி எழுதியது எனக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரியும்.

ஹம்திக்கு நான் அன்று சொன்ன பதில் போதாது. திறக்கிறதா என்று பார் என்றேன். என் கேபிள் திறந்தது, பதிந்தது, படித்தது, எல்லாம் செய்தது. நிற்கவேண்டிய இடத்தில் நிற்குமா என்று பார்க்க அவனுக்கு நான் சொல்லித்தரவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். கேசட்டை முன்பக்கம் உன்னைப் பார்க்கும்படி, நாடா தெரிகிற விளிம்பு கீழே வரும்படி பிடி. மேல் விளிம்பின் இடது மூலையில், சிறு விரல் நகத்தில் பாதிகூட வராத ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அது இருக்கும் வரை எவர் வேண்டுமானாலும் அந்தப் பக்கத்தின் மேல் எதையும் பதிந்துவிடலாம். அது போய்விட்டால் பதியும் பொத்தான் கீழே இறங்காது. பின்பக்கத்துக்கான தகட்டை ஒடிக்க நாதிருக்கு நேரம் இல்லாமல் போயிருக்கிறது; ஒடித்திருந்தால் அன்று என் பொத்தான் இறங்கியிருக்காது.

ஒரு பேனாக்கத்தி எடுத்துக்கொள். நுனியை அந்தத் தகட்டின் அடியில் கொடுத்து, வெளிப்பக்கமாக நெம்பி, இன்றே ஒடித்துவிடு.

லுத்ஃபி